லாந்தர் வெளிச்சத்தில் ஒரு பழைய தலைநகர்: வில்லியம்ஸ்பர்க்கின் மாலைச் சுற்றுலாக்கள்

வாழும் வரலாற்று அருங்காட்சியகங்களில் மாலைச் சுற்றுலாவுக்குத் தனிக் கணக்கு உண்டு. பகல் சீட்டு மாலையோடு செல்லாமல் போகும்; பட்டறைக் கதவுகள் சாத்தப்படும்; கூட்டம் கலையும். இருட்டியபின், தனிச் சீட்டு வாங்கியவர்கள் மட்டும் சிறு சிறு குழுக்களாகத் திரும்பி வருவார்கள். பழங்கால உடுப்பில் ஒருவர் கையில் லாந்தரோடு முன்னே நடப்பார். பகலில் கட்டடத்தைக் காட்டலாம், தச்சனின் கைவேலையைக் காட்டலாம். இருட்டில் காட்ட என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு அருங்காட்சியகங்கள் இதுவரை கண்டுள்ள விடைகள் நான்கு: வெளிச்சம், வழக்கு, அடிமை வாழ்வு, பேய். நான்கையும் ஒரே ஊரில் பார்க்கக் கிடைப்பது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள காலனிய வில்லியம்ஸ்பர்க்கில்.

வில்லியம்ஸ்பர்க் 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாக் காலனியின் தலைநகராக இருந்தது. தலைநகர் ரிச்மண்டுக்குப் போனதும் ஊர் அயர்ந்துவிட்டது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு அப்படியே கிடந்தது. ஏழ்மைதான் பழைய வீடுகளை இடிபடாமல் காத்தது. 1926இல் புரூட்டன் தேவாலயப் பாதிரியார் குட்வின், ஊரைப் பழையபடி மீட்டெடுக்க எண்ணெய்ச் செல்வர் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியரின் மனத்தைக் கரைத்தார். வாங்குவது யார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும். அதனால் 1928 வரை ராக்பெல்லரின் பெயர் வெளியே வராமல் வீடுகளும் மனைகளும் ஒவ்வொன்றாகக் கைமாறின. 1932இல் ராலி விடுதி திறக்கப்பட்டது. 1934இல் ஆளுநர் மாளிகையும், கேப்பிட்டல் எனப்படும் சட்டமன்றக் கட்டடமும் திறந்தன. இன்று 301 ஏக்கர் பரப்பில் 80க்கும் மேற்பட்ட அசல் கட்டடங்கள் நிற்கின்றன. மற்ற நூற்றுக்கணக்கானவை பழைய அடித்தளத்தின் மேல் புதிதாக எழுப்பியவை. 18ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு வந்த 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இதற்காக இடிக்கப்பட்டன. மீட்பு என்ற சொல்லுக்குள் இந்த இடிப்பும் அடக்கம். இரவின் கதையிலும் இது திரும்ப வரும்.

முதலில் வெளிச்சம். ஒரு மெழுகுவத்தி தரும் ஒளி சுமார் 12 லூமன். பழைய 60 வாட் குண்டு பல்பு தருவது ஏறக்குறைய 800. ஒரு பல்புக்கு ஈடாக அறுபதுக்கும் மேற்பட்ட மெழுகுவத்திகளை ஏற்ற வேண்டும். அந்த மெழுகுவத்தியும் எல்லார் வீட்டிலும் ஒன்றல்ல. சாதாரண வீடுகளில் மாட்டுக் கொழுப்பிலும் ஆட்டுக் கொழுப்பிலும் செய்தது; நாற்றமும் புகையும் கூடவே வரும், கோடையில் இளகி வளையும். வர்ஜீனியாவின் காட்டுப் புதர்க் காய்களை வேகவைத்து எடுத்த பசுமை படிந்த மெழுகு மணமாக எரியும். ஆனால் கைப்பிடி மெழுகுக்குக் கூடை கூடையாகக் காய் பறிக்க வேண்டும். திமிங்கிலத் தலையெண்ணெயில் செய்ததும் தேன்மெழுகில் செய்ததும் பணக்காரர் மேசைக்கு. கொழுப்பு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. எரிந்து கருகிய திரி நீண்டு, சுடர் மங்கிப் புகையும். சிறு பெட்டி வைத்த கத்தரி ஒன்றால் அதை அவ்வப்போது நறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தானாக வளைந்து எரிந்துபோகும் பின்னல் திரி 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஆக, நடனக் கூடத்தில் நூறு சுடர் எரிந்தால் அதற்குப் பின்னால் இரவு முழுக்கத் திரி நறுக்கிய கைகள் இருந்தன. அவை யாருடைய கைகள் என்பதை நல்ல வழிகாட்டிகள் மறைப்பதில்லை.

இந்த வெளிச்சத்தைப் பாடமாகவே எடுத்துக்கொண்டது வில்லியம்ஸ்பர்க்கின் லாந்தர்ச் சுற்றுலா. பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் லாந்தர் என்ற சொல்லின் வாலில் கொம்பைக் குறிக்கும் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். காரணம், கண்ணாடி விலை கூடிய காலத்தில் மாட்டுக் கொம்பை ஊறவைத்து, பிளந்து, அழுத்தி, மெல்லிய தகடாக்கி விளக்கின் நான்கு பக்கமும் பொருத்தினார்கள். கண்ணாடிபோல் எளிதில் உடையாது. ஆனால் அதன் வழியே வரும் ஒளி மோர் கலந்த தண்ணீர்போலத்தான் இருக்கும். அந்த லாந்தரின் பின்னால் குழு நடந்து, பூட்டிய பட்டறைகள் சிலவற்றைத் திறந்து உள்ளே போகும். பகலில் அங்கே கண்ட கருவிகள்தாம். ஆனால் மேசைமேல் சுடர் எட்டுகிற வட்டத்துக்கு வெளியே எதுவும் தெரியாது. நுண்ணிய வேலைகள் பகலோடு ஏன் நின்றன, குளிர்காலத்தில் தொழிலாளியின் நாள் எப்படிச் சுருங்கியது என்பதையெல்லாம் அதற்குமேல் யாரும் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட கடைகளில் ஒன்று, மார்கரெட் ஹன்டர் என்ற பெண் நடத்திய தொப்பி, துணிக்கடை. தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சொந்த நூல் இழை உண்டு. 18ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவின் கடைகளில் இந்தியப் பருத்தித் துணிகள் சாதாரணமாக விற்றன. சோழமண்டலக் கரையில் கையால் வண்ணம் எழுதிய சீட்டித் துணிகளும் லண்டன் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்தன. 1721இல் பிரிட்டன் தன் நெசவாளரைக் காக்க வண்ணம் அச்சிட்ட பருத்தித் துணியை உள்நாட்டில் உடுத்தத் தடை போட்டது. காலனிகளுக்கு ஏற்றுமதி செய்வதற்குத் தடையில்லை. லண்டன் சீமாட்டிக்குக் கூடாதது வில்லியம்ஸ்பர்க் சீமாட்டிக்குக் கூடும் என்ற இந்த வேடிக்கை 1774 வரை நீடித்தது.

வெளிச்சத்தைப் பற்றிய பேச்சில் கேப்பிட்டல் கட்டடம் ஒரு சிக்கலான சாட்சி. இந்த இடத்தில் அடுத்தடுத்து இரண்டு கேப்பிட்டல்கள் இருந்தன. 1705 அளவில் முடிந்த முதலாவதைக் கட்டியவர்களுக்குத் தீ என்றால் அவ்வளவு பயம்: புகைபோக்கியே வைக்கவில்லை, உள்ளே நெருப்பும் மெழுகுவத்தியும் புகையிலையும் கூடாது என்று விதி செய்தார்கள். ஈரம் ஏறி ஆவணங்கள் கெட, 1723இல் புகைபோக்கிகளைச் சேர்த்தார்கள். 1747இல் கட்டடம் எரிந்தது. புரட்சிக் காலத் தீர்மானங்கள் எல்லாம் நிறைவேறியது அதன்பின் வந்த இரண்டாம் கட்டடத்தில். மீட்டெடுத்தவர்களோ, ஆவணங்கள் கூடுதலாகக் கிடைத்த முதல் கட்டடத்தையே எழுப்பினார்கள். இன்று அங்கேதான் மாலை நிகழ்ச்சிகள் மெழுகுவத்தி மணத்தோடு விளம்பரமாகின்றன. ஆனால் அந்தக் கட்டடத்துக்கு முதலில் எழுதிய விதிப்படி, பொழுது சாய்ந்ததும் எல்லாரும் வெளியே போயிருக்க வேண்டும்.

கேப்பிட்டலில் பல ஆண்டுகளாக நடந்துவரும் பேர்போன மாலை நிகழ்ச்சி, கிரேஸ் ஷெர்வுட் என்ற பெண்ணின் சூனிய வழக்கு. வேடமிட்டோர் பேசும் முறையைத் தமிழ் இலக்கணச் சொற்களாலேயே பிரித்துச் சொல்லலாம். பழங்கால ஆளாகவே மாறி ‘நான்’ என்று பேசுவது தன்மை. அக்கால உடுப்பில் நின்றாலும் இக்கால ஆளாக ‘அவர்கள் இப்படிச் செய்தார்கள்’ என்று சொல்வது படர்க்கை. பார்வையாளரையே உள்ளே இழுத்து ஒரு பாத்திரம் கொடுப்பது முன்னிலை. சூனிய வழக்கு முன்னிலை வகை. வந்தவர்களே நடுவர்கள், சாட்சிகளைக் கேள்வி கேட்டு, குற்றமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதும் அவர்களே. கிரேஸ் ஷெர்வுட் உண்மையான ஆள். அயலார் பயிரைக் கெடுத்தாள், மந்திரம் வைத்தாள் என்று புகார். 1706 ஜூலை 10 அன்று அவரைக் கட்டி லின்ஹேவன் ஆற்றில் இறக்கினார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் சூனியக்காரி. அவர் மிதந்தார்; சிறைக்குப் போனார்; பின்னர் வெளிவந்து நிலத்தையும் மீட்டு, 1740 வரை வாழ்ந்தார். சரியாக முந்நூறு ஆண்டு கழித்து, 2006 ஜூலை 10 அன்று, வர்ஜீனியா ஆளுநர் அவர் பெயரிலிருந்த களங்கத்தைத் துடைத்தார். வழக்கு பெரும்பாலும் மாவட்ட நீதிமன்றத்தில் நடந்ததே தவிர, நிகழ்ச்சி காட்டுகிறபடி தலைநகரில் நடுவர் முன் நடந்ததல்ல. நாடகத்துக்காகச் செய்த இந்த இடமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பார்வையாளர் வீடு திரும்பும்போது தன் கையால் போட்ட வாக்கை எடுத்துக்கொண்டு போகிறார். வேறெந்த மாலை நிகழ்ச்சியும் அவரை இவ்வளவு பொறுப்பாளி ஆக்குவதில்லை.

வில்லியம்ஸ்பர்க்கின் பெரிய அரசியல் திருப்பங்கள் சில இருட்டில்தான் நடந்தன என்பதை மாலைச் சுற்றுலாக்கள் இன்னும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 1775 ஏப்ரல் 21 விடிவதற்கு முன், ஆளுநர் டன்மோரின் உத்தரவில் ஆங்கிலக் கடற்படையினர் ஊர் நடுவே உள்ள எண்கோண வெடிமருந்துக் கிடங்கிலிருந்து 15 அரைப் பீப்பாய் மருந்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊர் விழித்துக்கொண்டு மாளிகையை நோக்கித் திரண்டது. அடிமைகள் கிளர்ந்துவிடுவார்கள் என்ற வதந்தியால் மருந்தைப் பத்திரப்படுத்தினேன் என்று டன்மோர் சமாதானம் சொன்னார். ஜூன் 8 அதிகாலை இருட்டில் அவரே குடும்பத்தோடு போர்க்கப்பலுக்கு ஓடினார். நவம்பரில், கலகக்காரர்களின் அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். மருந்து வண்டி போன நேரத்தில் கிடங்கிலிருந்து மாளிகைவரை நடந்து பார்ப்பது பத்து நிமிட வேலை. எந்தப் பகல் உரையையும்விட அது நன்றாகப் புரியவைக்கும்.

அந்த அறிவிப்பு எட்டியது யாருக்கு என்பதுதான் ஊரின் பெரிய கேள்வி. புரட்சிக்கு முந்தைய வில்லியம்ஸ்பர்க்கில் இருந்தோரில் பாதிக்கு மேல் கறுப்பர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். பேட்டன் ரேண்டால்ஃப் என்ற ஒரே தலைவரின் வீட்டில் 27 பேர். பகல் எசமானனுடையது. தமக்கென்று கிடைத்த கொஞ்ச நேரம் இரவில்தான்: பக்கத்துத் தோட்டத்தில் வேறொருவருக்கு அடிமையாக இருக்கும் மனைவியைப் பார்க்க நடப்பதும், சிறு தோட்டத்தைக் கொத்துவதும், கதை சொல்வதும் அப்போதுதான். அந்த நடையும் பயமில்லாததல்ல. எசமானின் எழுத்துச் சீட்டில்லாமல் அடிமை வெளியே போகக்கூடாது என்று 1680லேயே சட்டம் வந்துவிட்டது. சாலையில் காவல் குழுக்கள் திரிந்தன. விடுதி ஒன்றில் அடிமையாக வேலை செய்த கோவன் பாம்ப்லெட், ஊருக்கு வெளியே மரக்கிளைப் பந்தலுக்கடியில் கூடிய கறுப்பர் கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்தார். 1776இல் தொடங்கியதாகக் கொண்டாடப்படும் முதல் பாப்டிஸ்ட் சபை இதிலிருந்து வளர்ந்தது. அந்தச் சபையின் 19ஆம் நூற்றாண்டு ஆலயம், 1950களில் மீட்புப் பணியின் பேரில் இடிக்கப்பட்டது. இடம் பின்னர் கார் நிறுத்துமிடமானது. 2020இல் அங்கே அகழ்ந்தபோது பழைய அடித்தளமும் 60க்கும் மேற்பட்ட கல்லறைகளும் தெரியவந்தன. மாலை நிகழ்ச்சிகளில் பாம்ப்லெட்டின் வேடம் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் சபையின் தரைமீது வண்டிகள் நின்றுகொண்டிருந்தன.

அடிமை வாழ்வைப் பற்றி இந்த அருங்காட்சியகம் முதல் அரை நூற்றாண்டு ஏறக்குறைய வாய் திறக்கவில்லை. 1979இல்தான் கறுப்பு நடிகர்கள் அடிமைகளின் கதையைத் தன்மையில் பேசத் தொடங்கினார்கள். 1994 அக்டோபரில் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது குடிமை உரிமை அமைப்புகள் எதிர்த்து நின்றன. பார்த்தபின் எதிர்ப்பாளர் சிலர் மனம் மாறினார்கள். 1999இல் காவல் குழு அடிமைகளை மடக்கும் காட்சிகள் தெருவிலேயே நடந்தன. பார்வையாளர் சிலர் நடிப்பு என்பதை மறந்து காவலரின் துப்பாக்கியைப் பறிக்கப் போனார்கள். அமைதியாக நடப்பது கதைசொல்லல்: அப்பா சொன்னது, அம்மா சொன்னது என்ற பாணியில், அடிமைக் குடில்களில் தலைமுறைக்குத் தலைமுறை கடந்த கதைகளைச் சொல்லும் மாலை நிகழ்ச்சி. தீ வெளிச்சத்தில் ஒருவர் பேச, பத்துப் பேர் சுற்றி உட்கார்வது. அதற்கு அரங்கமைப்பே தேவையில்லை. அந்தக் காலத்திலும் அப்படித்தான் நடந்தது.

முன்னிலை முறையை எல்லைவரை கொண்டுபோனது வில்லியம்ஸ்பர்க் அல்ல, இண்டியானா மாநிலத்தின் கானர் பிரெய்ரி. 1998 முதல் அங்கே இரவில் நடந்த நிகழ்ச்சியில், பார்வையாளர்களே 1836ஆம் ஆண்டில் தப்பி ஓடும் அடிமைகளாக இருட்டுக் காட்டில் நடத்தப்பட்டார்கள், அதட்டப்பட்டார்கள், மண்டியிடச் சொல்லப்பட்டார்கள். பலருக்கு அது மறக்கமுடியாத அனுபவம். வேறு பலருக்கு, ஒன்றரை மணி நேரத்தில் வாங்கிவிடக்கூடிய துன்பம் என்பதே அவமதிப்பு. பின்னாளில் நிகழ்ச்சி நின்றது. இந்த இரண்டாம் கட்சியே சரி என்று தோன்றுகிறது. வழக்கில் நடுவராக இருப்பது பார்வையாளரால் முடிகிற காரியம். அடிமையாக இருப்பது, கார் நிறுத்துமிடத்தில் வண்டி காத்திருக்கும்போது, முடியாத காரியம்.

எஞ்சியது பேய். நடக்கிற எல்லா மாலைச் சுற்றுலாக்களிலும் கண்ணில் அதிகம் படுவது இதுவே. காரணம் எளிது: ஊரின் தெருக்கள் பொதுச் சொத்து. டியூக் ஆஃப் க்ளோஸ்டர் தெரு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். உள்ளூர்க்காரர் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து டாக் தெரு என்பார்கள். அதில் நடக்க யாருக்கும் சீட்டு வேண்டாம். கட்டடத்துக்குள் நுழையத்தான் வேண்டும். எனவே தனியார் வழிகாட்டி எவரும் ஒரு விளக்கோடு வந்து, வேலிக்கு வெளியே நின்று கதை சொல்லிவிடலாம். அருங்காட்சியகத்தை நடத்தும் அறக்கட்டளையும் தன் பங்குக்கு விடுதிகளுக்குள்ளேயே பேய்ச் சுற்றுலா நடத்துகிறது. 2017இல் அதன் கடன் 30 கோடி டாலரைத் தாண்டியிருந்ததை நினைத்தால், சீட்டு விற்கும் பேயை விரட்டச் சொல்வது சுலபமல்ல.

ஆனாலும் பேய்க்கதை எதை மறைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஜார்ஜ் வித் என்ற சட்ட அறிஞரின் வீட்டில், மாளிகை நடனத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து மாடிப்படி ஏறும் சீமாட்டியின் ஆவி நடமாடுவதாகச் சொல்வார்கள். அதே குடும்பத்தில் லிடியா பிராட்நாக்ஸ் என்ற சமையல்காரப் பெண் இருந்தார். வித் அவரை 1787இல் அடிமைத்தளையிலிருந்து விடுவித்தார்; பின்னர் ரிச்மண்டுக்கும் அவர் உடன் போனார். 1806இல் ரிச்மண்டு வீட்டில் நஞ்சு கலந்த உணவால் வித் இறந்தார், மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பு இளைஞனும் இறந்தான், லிடியா பிழைத்தார். குற்றம் சாட்டப்பட்டவன் வித்தின் உறவுக்காரப் பேரன். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்லச் சட்டம் இடம் தரவில்லை; அவன் தப்பினான். செருப்புச் சத்தத்தைவிட இது முதுகைச் சில்லிடவைக்கும் கதை, ஆவணமும் உண்டு. பேய்ச் சுற்றுலாவின் குறை பொய் சொல்வதல்ல. பெயரும் ஆவணமும் உள்ள இறந்தவர்களைத் தள்ளிவிட்டு, ஆதாரமில்லாத ஆவிகளுக்கு இடம் கொடுப்பதே அதன் குறை.

கிறிஸ்துமஸ் காலத்தில் ஊரின் சன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவத்தி நிற்கும். அமெரிக்கா முழுக்கப் பரவிவிட்ட இந்த வழக்கம் 18ஆம் நூற்றாண்டினுடையது என்று வருவோர் நம்புகிறார்கள். உண்மையில் 1930களின் நடுவில், மீட்பின் தோட்டக் கலைஞர் ஆர்தர் ஷர்க்ளிஃப் பாஸ்டனில் தான் கண்டதை நினைத்து இங்கே தொடங்கினார். தொடக்கத்தில் நிஜ மெழுகுவத்தி. தீப்பிடிக்காமல் காக்க ஆட்கள் நின்றார்கள். பிறகு மின்சாரம் வந்தது. காலனியக் காலத்தில் சன்னல்கள் ஒளிர்ந்தது மன்னர் பிறந்தநாளுக்கும் போர் வெற்றிக்கும். அருங்காட்சியகமும் தனக்கென்று ஒரு மரபைப் பெற்றெடுக்கும் என்பதற்கு இதைவிட அழகான சான்று இல்லை. அழகு என்பதால்தான் யாரும் திருத்துவதில்லை.

ஆளே இல்லாமல் இரவைக் காட்டும் வழியும் உண்டு. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் ஒலி-ஒளிக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்ததே. இம்முறை 1952இல் பிரான்ஸின் ஷாம்போர் கோட்டையில் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் உள்ள சாவரின் ஹில், 1854 டிசம்பரில் தங்கச் சுரங்கத் தொழிலாளர் நடத்திய யுரேகா எழுச்சியை நெடுங்காலம் இப்படித்தான் இரவில் காட்டியது. தூரத்தில் கூடாரம் எரியும். குரல் மட்டும் வரும். பிரமாண்டத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் கேள்வி கேட்க யாரும் இல்லை. தமிழில் விளக்கு, விளக்குபவர் இரண்டும் ஒரே வேர்; ஒலி-ஒளிக் காட்சியில் முதலாவது மட்டும் இருக்கிறது.

எந்த மாலைச் சுற்றுலாவாலும் மீட்க முடியாத ஒன்று, இருட்டு. பஞ்சாங்கத்தில் நிலவு பார்த்து விருந்துக்கு நாள் குறித்த ஊர் அது. இரவுப் பயணத்துக்கு முழுநிலவே தெருவிளக்கு. இன்று மின்கம்பிகளைத் தரைக்கடியில் புதைத்தாகிவிட்டது. மூலைகளில் இரும்புக் கூடைகளில் பைன் கட்டை எரிகிறது. இருந்தும் சுற்றுவட்டார ஊர்களின் வெளிச்சம் வானில் ஏறிவிடுகிறது. மனிதக் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். குழுவில் ஒருவர் கைப்பேசியைத் திறந்தால் அத்தனையும் வீண்.

போக நினைப்பவர்களுக்கு: மாலை நிகழ்ச்சிகள் பருவத்துக்குப் பருவம் மாறும், பகல் சீட்டில் அடங்கா, இடம் விரைவில் நிறைந்துவிடும். ஒரே ஒரு மாலைதான் உண்டென்றால் லாந்தர்ச் சுற்றுலாவையோ கதைசொல்லலையோ தேர்வது நல்லது. செங்கல் நடைபாதை மேடு பள்ளமாக இருக்கும், செருப்பு உறுதியாக இருக்கட்டும். பேய் மட்டும் போதும் என்பவர் எதுவும் வாங்க வேண்டியதில்லை. டாக் தெரு இரவெல்லாம் திறந்துதான் கிடக்கிறது.